கோமதி அக்காவின் 214 பதில்கள்

"தம்பி, என் பக்கத்துல ஒன்னுமே இல்லையே?"

கோமதி அக்கா அழைத்தபோது இரவு மணி 11. (உண்மைப் பெயர் அதுவல்ல. ஆனால், அதே எழுத்தில்தான் தொடங்கும். ஏன் அந்த எழுத்து முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.) அக்கா எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர், என்னைப் போலவே கிள்ளான்வாசி. எஸ்பிஎம் தமிழ் இலக்கிய மாணவர்களின் கேள்விகளுக்கு மூன்று ஆண்டுகளாக எங்கள் மாணவர் அமைப்பின் தளத்தில் 214 பதில்கள் எழுதியிருக்கிறார். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பக்கத்தின் முகவரியையும் இணைத்திருந்தார். நேர்காணலுக்கு நான்கு நாள்தான் இருந்தது. பக்கமோ காலி.

காரணம் நான்தான்.

எங்கள் அமைப்பிடம் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. கட்டுரைகளும் அறிவிப்புகளும் வேர்ட்பிரஸில். கேள்வி பதில்களும் கலந்துரையாடலும் இன்னொன்றில். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு சீனியர்கள் தொடங்கியவை என்பதால் உறுப்பினர்களுக்கு இரண்டு கணக்கு, இரண்டு கடவுச்சொல். பாதிப் பேர் ஒன்றை மறந்துவிடுவார்கள். "விடுமுறையில் இரண்டையும் இணைத்துவிடுகிறேன்" என்று கையை உயர்த்தினேன்.

செய்ய நினைத்தது என்ன என்பதற்கு நம் டச் அண்ட் கோ அட்டையே உதாரணம். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறுகிறேன். இரண்டையும் நடத்துவது வேறு வேறு நிறுவனங்கள். ஆனாலும், கையில் இருக்கும் அட்டை ஒன்றுதான்.

மென்பொருளிலும் அப்படிச் செய்யலாம். உறுப்பினர் வேர்ட்பிரஸில் மட்டும் உள்நுழைவார். "இவர் இன்னார்தான்" என்று வேர்ட்பிரஸ் மற்ற மென்பொருளுக்குத் தகவல் அனுப்பும். இரண்டுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசியச் சாவியால் அந்தத் தகவலுக்கு முத்திரை இடப்படும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. ஒரே ஒரு முறை செல்லுபடியாகும் எண்ணும் கூடவே போகும். அதனால் யாராவது பழைய தகவலைத் திருடி மறுபடி அனுப்பினாலும் கதவு திறக்காது. கடவுச்சொல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குப் போவதே இல்லை. இதை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக் கோமதியும் இந்தப் பக்கத்துக் கோமதியும் ஒரே ஆள் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? மின்னஞ்சலை வைத்துப் பார்க்கலாம் என்றால், பலர் ஒன்றில் பள்ளி கொடுத்த மின்னஞ்சலையும் மற்றதில் பல்கலைக்கழக மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு பள்ளி மின்னஞ்சலை யார் திறந்து பார்க்கிறார்கள்? சரி, பெயரை வைத்துப் பொருத்துவோம் என்று ஒரு நிரல் எழுதினேன். பெயர் பொருந்தினால் இணைக்கும், பொருந்தாவிட்டால் புதுக் கணக்கு தொடங்கும்.

அக்காவுக்குப் புதுக் கணக்கு தொடங்கிவிட்டது. இரண்டு பெயரையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில், கணினித் துறையில் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். தே தாரிக் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். "கண்ணால பார்க்காத, எண்ணிப் பாரு" என்றார். எண்ணினால், வேர்ட்பிரஸில் இருந்த கோமதியில் 5 குறியீடுகள், மற்றதில் 6.

யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றை வைக்கலாம். அல்லது 'க'வுக்குப் பின் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, அதன் பின் கால் என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால், என் நிரல் குறியீடுகளை வரிசையாக ஒப்பிட்டது. அதற்கு அவை இரண்டு வேறு சொற்கள்.

அந்த ஆறாவது குறியீடு எங்கிருந்து வந்தது? அக்கா சேர்ந்த ஆண்டின் உறுப்பினர் பட்டியலைப் பழைய எழுத்துருவில் அச்சான ஆண்டு மலரிலிருந்து எடுத்து யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள். திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் கால். மாற்றும் கருவி கொம்பை 'க'வுக்குப் பின்னால் நகர்த்தியது. கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்க மறந்துவிட்டது.

நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. 2001இல் தமிழ் இணைய மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. இவ்வளவும் நான் பிறப்பதற்கு முன். எழுத்துப் பிரச்சினையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

'கோ'வுக்குத் தீர்வு சுலபம். ஒப்பிடுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் யூனிகோடின் சீர்மை வடிவத்திற்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவி பிஎச்பியிலும் பைத்தானிலும் தயாராகவே இருக்கிறது. 'கௌரி'தான் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டச்சு செய்பவர்கள் நிறையப் பேர். பார்க்க அப்படியே இருக்கும். ஆனால், அது உண்மையிலேயே வேறு எழுத்து என்பதால் சீர்மை வடிவமும் காப்பாற்றாது. 'ஸ்ரீ'யும் அப்படித்தான். முதலெழுத்து 'ஸ'வாக இருக்கலாம். 2005இல் யூனிகோடு சேர்த்த 'ஶ'வாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பயந்தது இன்னொன்றைப் பார்த்து. ஒரே பெயருள்ள இரண்டு கவிதாக்களை என் நிரல் ஒருவராக்கியிருந்தது. ஒருவருடைய தனிப்பட்ட செய்திகளை மற்றவர் படித்திருக்க முடியும். பதிவேட்டைப் பார்த்தேன், நல்லவேளையாக இருவருமே அந்த வாரம் உள்நுழையவில்லை. காணாமல் போன பதில்களைத் தேடி எடுத்துவிடலாம். படித்துவிட்ட கடிதத்தைப் படிக்காததாக ஆக்க முடியாதே!

அன்று இரவே பழைய நகலைக் கொண்டு எல்லாவற்றையும் முன்பிருந்தபடி மாற்றினேன். இப்போது நிரல் யாரையும் தானாக இணைப்பதில்லை. "இந்தக் கணக்கும் உங்களுடையதா?" என்று கேட்கும். பழைய கணக்கின் கடவுச்சொல்லை ஒரே ஒரு முறை கொடுத்து, ஆமாம் என்று உறுதிசெய்தால்தான் இணைப்பு. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு நானே தொலைபேசியில் அழைக்கிறேன்.

அக்காவின் 214 பதில்களும் நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பே திரும்பிவிட்டன. முடிவு இன்னும் வரவில்லை. என் பட்டியலில் இன்னும் 11 பேர் பாக்கி. அதில் இரண்டு கௌரிகள். ஒருவர் பதில் போட்டுவிட்டார். இன்னொருவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அவர் வீடு தனக்குத் தெரியும், தாமான் பக்கம்தான் என்கிறார் கோமதி அக்கா. சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.