தெளிந்த நீரில் பட்டினி

தண்ணீரில் தூசு தும்பு கிடையாது. மேலே நீலமும் வெள்ளையுமாக எல்இடி விளக்குகள். சோதித்துப் பார்த்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். அப்படியிருந்தும் தொட்டியிலுள்ள அக்ரோபோரா பவளம் வாரத்துக்கு வாரம் வெளிறிக்கொண்டே போகும். கடைசியில் கிளை நுனிகளில் சதை கழன்று, வெறும் சுண்ணாம்புக் கூடு தெரியும். வீட்டிலும் காட்சியகங்களிலும் பவளம் வளர்ப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருக்கிறார்கள். நீரில் அழுக்கு சேர்ந்துவிட்டதோ என்று பயந்து இன்னும் சுத்தம் செய்வார்கள். பவளம் இன்னும் வேகமாகச் சாகும்.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் ஸூக்ஸாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம்வரைகூட இப்படியே நிறைவேறும். அதனால்தான் தொட்டி வைப்பவர்கள் விளக்குக்கு அவ்வளவு செலவழிக்கிறார்கள். ஆனால் வெளிச்சம் தருவது சர்க்கரையை மட்டுமே. புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும். மரபணுவுக்கும் செல் சவ்வுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். இவை இரண்டும் தண்ணீரிலிருந்தோ இரையிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

நைட்ரேட், பாஸ்பேட் என்றாலே பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மீனுக்குப் போடும் தீனி மட்கி இவை இரண்டும் ஏறினால், வேண்டாத பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூச்சை அடைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள் எல்லாம் வந்தன. சத்துகளைத் தின்னும் பாக்டீரியாவைப் பெருக்கத் தொட்டியில் சில சொட்டு ஓட்கா விடும் வழக்கம்கூட உண்டு. பவளத்திட்டைச் சுற்றியுள்ள கடல் நீரில் சத்துகள் மிகக் குறைவு, தொட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் பின்னாலிருந்த எண்ணம். ஆனால் கடலில் அலை ஓயாமல் புது நீரைக் கொண்டுவருகிறது. மிதவை உயிரிகள் இரையாகின்றன, மீன் கூட்டங்களின் கழிவு கிளைகளுக்கு நடுவே விழுகிறது. நான்கு மீன்கள் உள்ள கண்ணாடித் தொட்டிக்கு இந்த வரத்து இல்லை.

ஹவாயின் வைகிகி அக்வேரியத்தைப் பற்றி 1995இல் வெளியான ஆய்வு, சுத்தம் பற்றிய இந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது. வழக்கமான பவளத்திட்டு நீரைவிடச் சத்து மிகுந்த நீரில் அங்கே 57 வகைப் பவளங்களை வைத்து வளர்த்திருந்தார்கள். அவை நன்றாகவே வளர்ந்திருந்தன.

அப்படியானால் தவறு எங்கே நடக்கிறது? இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மன், சிசிலியா டி ஆஞ்சலோ குழுவினர் பவளங்களைத் தொட்டிகளில் வளர்த்தே இதற்கு விடை தேடினார்கள். 2017இல் வெளியான சோதனையில், சில தொட்டிகளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் போதிய அளவு, சிலவற்றில் இரண்டில் ஒன்று மட்டும் குறைவு. நைட்ரஜன் குறைந்து பாஸ்பேட் இருந்த தொட்டியில் பவளம் சமாளித்தது. நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் குறைந்த தொட்டியில் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை கெட்டது. பவளம் உடல் மெலிந்து வெளுத்தது.

யூரியாவை மட்டும் அள்ளிப்போட்ட வயலின் கதைதான் இது. நைட்ரஜன் கிடைப்பதால் நுண்பாசிகள் பெருகிக்கொண்டே போகின்றன. புதுச் செல்களின் சவ்வுக்குப் பாஸ்பரஸ் போதாமல் போக, பாஸ்பரஸ் உள்ள கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்து ஒப்பேற்றுகின்றன. சாதாரண வெளிச்சத்தில் இது எப்படியோ ஓடும். வெளிச்சமோ வெப்பமோ கூடினால் ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளுக்கிறது.

ஆகவே விளக்கையும் சத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. மங்கலான வெளிச்சத்தில் குறைந்த சத்தோடு காலம் தள்ளும் பவளம், பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புது எல்இடியை முழு வீச்சில் போட்ட சில நாட்களிலேயே வெளுத்துவிடலாம். பழி பெரும்பாலும் விளக்கின் மேல் விழும். அனுபவசாலிகள் புது விளக்கைக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுகிறார்கள். லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் நைட்ரேட், 0.03 முதல் 0.1 மில்லிகிராம் பாஸ்பேட் என்பது இன்று பலர் கடைப்பிடிக்கும் அளவு. எண்ணைவிட அது நிலையாக இருப்பது முக்கியம். ஒரே நாளில் பாஸ்பேட்டைத் துடைத்தெடுப்பது பாஸ்பேட் சற்றுக் கூடியிருப்பதைவிட ஆபத்தானது.

2023இல் இதே குழு இன்னொன்றையும் காட்டியது. பவளம் தன் நுண்பாசிகளில் ஒரு பகுதியைச் செரித்தே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெறுகிறது. தானாக எடுத்துக்கொள்ள முடியாத சத்தை, பாசியை வளர்த்து அறுவடை செய்து தின்கிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில், கடற்பறவைகளின் எச்சம் கடலில் கலக்கும் இடங்களில் பவளம் வேகமாக வளர்வதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

தொட்டியில் கற்ற பாடம் கடலுக்கும் பொருந்துகிறது. ஃபுளோரிடாவின் லூ கீ பவளத்திட்டில் 1984இல் கிட்டத்தட்ட 33 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 2008இல் 6 சதவீதத்துக்கும் கீழே போனது. அங்கே 30 ஆண்டுகளாகச் சேகரித்த தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, வெப்பத்தோடு சேர்த்து இன்னொரு காரணத்தையும் சொன்னது: சாக்கடை நீரும் உரமும் கலந்து நைட்ரஜன் ஏறிக்கொண்டே போக, பாஸ்பரஸ் அதற்கு ஈடாக ஏறவில்லை. கடல் சூடாவதை ஓர் ஊராட்சியோ நகராட்சியோ தனியாகத் தடுக்க முடியாது. ஆனால் கடற்கரை ஊர்களின் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்கும் தொழில்நுட்பம் கையில் இருக்கிறது; ஃபுளோரிடா கீஸ் தீவுகள் அதற்கான சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியிருக்கின்றன.