கை வைக்காமல் இருப்பதும் வைத்தியம்தான்

மாரடைப்பு என்றதும் நம் மனக்கண்ணில் வருபவர் ஐம்பதைத் தாண்டிய, தொப்பை விழுந்த, சிகரெட்டை விட முடியாத ஆண். பல டாக்டர்களின் மனக்கண்ணிலும் அவரேதான். அதனால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எதுவும் இல்லாத 45 வயதுப் பெண் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டில் ஓம வாட்டர் கொடுக்கிறார்கள். கிளினிக்கில் அசிடிட்டி மாத்திரை எழுதுகிறார்கள். ‘டென்ஷனைக் குறைச்சுக்கோங்கம்மா’ என்ற இலவச ஆலோசனையும் கூடவே கிடைக்கும்.

அந்தப் பெண்ணின் இதயத் தமனி தானாகவே கிழிந்திருக்கலாம். அடியும் படவில்லை, ஆபரேஷனும் நடக்கவில்லை. மருத்துவ உலகம் இதை ‘ஸ்கேட்’ (SCAD) என்று சுருக்கமாக அழைக்கிறது.

இதயத் தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. ஸ்கேடில் இந்த அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்துவிடுகிறது. உள் அடுக்கு கிழிந்து ரத்தம் நுழைவதும் உண்டு. சுவருக்குள்ளேயே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய் கசிந்து ரத்தம் கோத்துக்கொள்வதும் உண்டு. எப்படியானாலும், மழை நீர் இறங்கிய சுவரில் பெயின்ட் உப்புவது மாதிரி உள் அடுக்கு உப்பி, ரத்தம் போகும் வழியை நெரிக்கிறது. கொழுப்புப் படிவு இல்லாமலேயே மாரடைப்பு வருவது இப்படித்தான்.

1931-லேயே பிரிட்டனில் ஹெச்.சி. பிரெட்டி என்ற மருத்துவர், இறந்துபோன 42 வயதுப் பெண் ஒருவரின் உடலில் இதைக் கண்டு எழுதிவைத்தார். பிறகு பல பத்தாண்டுகளுக்கு இது ‘அபூர்வ நோய்’ என்ற பட்டியலிலேயே கிடந்தது. அந்த நிலையை அசைத்தது ஒரு நோயாளி. 2009-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்த ஒரு கூட்டத்தில், ஸ்கேட் வந்து பிழைத்த பெண் ஒருவர் இதய மருத்துவர் ஷரோன் ஹேய்ஸை அணுகி, ‘இதை ஏன் யாரும் ஆராயவில்லை?’ என்று கேட்டார். இணையத்தில் தன்னைப் போன்ற பலரை அவர் ஏற்கெனவே தேடிப் பிடித்திருந்தார். அவர்களிலிருந்து 12 பேரை வைத்து நடந்த முதல் ஆய்வு 2011-ல் வெளியானது. நோயாளிகள் பிடிவாதமாக நின்றிருக்காவிட்டால் இன்றைக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்று தெரிந்தது இதுதான்: ஸ்கேட் வருபவர்களில் 90 சதவீதம் அளவுக்குப் பெண்கள். 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வரும் மாரடைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு வரை இதனால் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புக்கு முதன்மையான காரணமும் இதுவே. அதிலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் முக்கியமானவை. நம் ஊரில் அது பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருக்கும் நேரம். அப்போது நெஞ்சு வலித்தால் பால் கட்டியிருக்கும், வாயு பிடித்திருக்கும் என்று பத்தியச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கண்டுபிடிப்பதில்தான் பெரிய சிக்கல். முதல் இசிஜி சாதாரணமாக இருந்துவிடலாம். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. ஆஞ்சியோகிராமில்கூடப் பழகாத கண் ஏமாந்துபோகும். வான்கூவரைச் சேர்ந்த இதய மருத்துவர் ஜாக்குலின் சா 2014-ல் ஸ்கேடை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். குழாய்க்குள் இரண்டு தடங்கள் ஓடுவது போலத் தெளிவாகத் தெரிவது முதல் வகை. பாடப்புத்தகத்தில் இருக்கும் படமும் அதுதான். ஆனால் அதிகம் வருவது இரண்டாம் வகை. திரையில் தமனி நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கும். ஓர் இடத்திலிருந்து வழவழப்பாக, நீளமாகச் சன்னமாகிவிடும். கரடுமுரடு கிடையாது, கிழிசலும் தெரியாது. ‘இவருக்குப் பிறவியிலேயே குழாய் மெலிசு’ என்று ரிப்போர்ட் எழுதிவிடுவது சுலபம். மூன்றாம் வகை, கொழுப்பு அடைப்பைப் போலவே குட்டையாக இருந்து குழப்பும். சந்தேகம் வந்தால் குழாய்க்குள் நைட்ரோகிளிசரின் கொடுத்து, வெறும் இறுக்கமா என்று பார்ப்பார்கள். நுண் கேமரா போன்ற ஓசிடி கருவியை உள்ளே செலுத்திச் சுவரின் அடுக்குகளையே பார்க்கவும் முடியும். ஆனால் அதுவே கிழிசலை நீட்டிவிடும் அபாயம் இருப்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை.

அடைப்பைக் கண்டதும் ஸ்டென்ட் வைப்பது இதய மருத்துவரின் கைப்பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் எதிரியாகலாம். உப்பிய இடத்தை ஒருபுறம் அமுக்கினால் உள்ளிருக்கும் ரத்தம் மறுபுறம் தள்ளப்பட்டுக் கிழிசல் நீளும். ஸ்டென்ட்டுக்கு வழிகாட்டும் கம்பியே தவறான அடுக்குக்குள் நுழைந்துவிடலாம். கோத்த ரத்தம் வற்றிய பிறகு ஸ்டென்ட் சுவரை ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும். இதற்கு மாறாக, தொந்தரவு செய்யாமல் விட்டால் பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தாமாகவே ஆறிவிடுகின்றன. அதனால்தான் 2018-ல் அமெரிக்க, ஐரோப்பிய இதய அமைப்புகள் தனித்தனியே வெளியிட்ட அறிக்கைகள் இரண்டுமே, நோயாளியின் நிலை சீராக இருந்தால் மருந்தோடு பொறுத்திருக்கச் சொன்னன. முதல் வாரத்தில் சிலருக்குக் கிழிசல் நீளக்கூடும் என்பதால் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணிப்பார்கள். வலி நிற்கவில்லை, பிரஷர் இறங்குகிறது, இடது பிரதான தமனியிலேயே கிழிசல் என்றால் கதை வேறு. அப்போது ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துதான் ஆக வேண்டும்.

சிறிய ஊர்களில் மாரடைப்புக்குப் போடும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, ஸ்கேடில் கசிவைக் கூட்டிவிடலாம். ஆனால் ஆஞ்சியோ செய்யாமல் இது எந்த வகை மாரடைப்பு என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வழக்கமான மாரடைப்பில் அந்த ஊசி உயிர்காக்கும். அதைப் போட்ட டாக்டரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஊசிக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் தாமதிக்காமல் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆறிய பிறகும் கவனம் தேவை. 327 பேரைத் தொடர்ந்து பார்த்த கனடா ஆய்வில், சராசரியாக மூன்று ஆண்டுகளில் பத்தில் ஒருவருக்கு மறுபடி ஸ்கேட் வந்தது. பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களுக்கு அது குறைவு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிகம். கொழுப்பு கூடுதலாக இல்லாதவருக்கு ஸ்டாட்டின் மாத்திரை கட்டாயமில்லை. பலருக்குச் சிறுநீரகம், கழுத்துத் தமனிகளிலும் சுவர்க் கோளாறு இருப்பதால், தலை முதல் இடுப்பு வரை ஒருமுறை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. நடைப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பாரம் தூக்குவது மட்டும் ஆகாது. அடுத்த குழந்தை பற்றி யோசிப்பவர்கள் இதய மருத்துவரிடம் கலந்து பேசாமல் முடிவெடுக்கக் கூடாது.

வீட்டில் இளம் வயதுப் பெண் எவருக்காவது நெஞ்சு, தாடை, இடது கை வலி கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், ஆஸ்பத்திரியில் இசிஜியையும் ட்ரோபோனினையும் சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஞ்சியோ செய்திருந்தால் வெறும் ரிப்போர்ட் தாளோடு வந்துவிடாமல், படம் பதிந்த சிடியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு மருத்துவரின் கண்ணுக்குக் கிழிசல் தென்படுவது அந்தப் படத்தில்தான்.