டேப்பைத் திருகினா மின்சாரம் வருமா?

ரங்கூன் அலோனில் எரிவாயு மின்நிலையம் இருக்கு. அப்படியும் அங்கே பல வீடுகளில் வோல்டேஜ் கூட்டும் பெட்டி வெச்சிருக்காங்க. “பக்கத்துலயே கரன்ட் தயாரிக்கிறாங்களே, எதுக்கு?” என்று என் பொண்ணு கேட்டா. மின்துறையில் வேலை பார்க்கிற எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி.

பர்மாவின் பெரிய நீர்மின்நிலையங்கள் வடக்கே இருக்கு. மாண்டலே பக்கத்து யேவா மட்டும் 790 மெகாவாட். அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வருவதற்குள் வோல்டேஜ் தளர்ந்துடும். அதைத் தூக்கி நிறுத்துவது ட்ரான்ஸ்ஃபார்மரின் டேப்.

உதாரணத்துக்கு, 33 கிலோவோல்ட்டை 11 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்குங்க. மேலே 30தான் வந்தா கீழே 10. வீட்டில் 230 வோல்ட்டுக்குப் பதில் 209 சொச்சம். மேல்பக்கச் சுற்றுகளைப் படிக்கு 1.25 சதவீதம் வீதம் ஏழு படி குறைச்சா 10.96 கிடைக்கும். கம்ப்யூட்டரில் பவர் ஃப்ளோ கணக்கு போடும்போது டேப் விகிதத்தை 1 என்று விட்டுடக்கூடாது, 0.9125 என்று கொடுக்கணும். அப்பதான் இன்னொண்ணும் தெரியவரும்: டேப் மின்சாரம் தயாரிக்காது. கீழே வோல்டேஜ் ஏறினா பல்பும் ஃபேனும் அதிகமா இழுக்கும். மேலே கரன்ட் கூடும். அந்த 30 இன்னும் இறங்கும்.

வீட்டுப் பெட்டிக்குள்ளேயும் இதே டேப்தான். (சின்ன வயசில் நான் அதை ரேடியோன்னு நினைச்சதுண்டு.) தெருவில் பத்து வீட்டில் குமிழைத் திருகினா, பெட்டி வாங்க வசதியில்லாத பதினோராவது வீட்டில் பல்பு மங்கும். அலோன் நிலையம் ஓடினா பக்கத்திலிருந்தே வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும். எரிவாயு வராத நாளில் அந்தப் பிடியும் போய், எல்லாரும் குமிழைத் தேடுவாங்க.