ஓடும் யந்திரத்திலிருந்து அட்டவணையை நீக்கலாகுமா?

அந்தமானின் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரம், 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கியது. அத்துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணையை இந்திய நில அளவைத் துறை வெளியிட்டு வருகிறது. அதை நம்பி ஒரு படகோட்டி அலையாத்திக் காட்டு ஓடையினுள் நுழைகிறார் என்று கொள்வோம். பாதி வழியில் எவரேனும் அப்பக்கத்தைக் கிழித்தெறிந்தால் படகின் கதி என்ன? கரையில் நின்று பழைய பக்கத்தை மாற்றுவது வேறு; ஓட்டத்தின் நடுவே பறிப்பது வேறு. கணிப்பொறித் துறையிலும் இத்தகைய பிரச்சினை ஒன்று உண்டு.

கணிப்பொறியில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள ஃபர்ம்வேர் என்னும் ஆணைத்தொகுதி, மின்கலம், விசிறி, மின்விசை முதலியவற்றின் விவரங்களை அட்டவணைகளாக்கித் தருகிறது. இதற்குரிய ஏ.சி.பி.ஐ. என்னும் விதிமுறையை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-இல் வெளியிட்டன. இயக்க முறையின் உட்கருவாகிய கெர்னல், கணிப்பொறி தொடங்குகையில் இவ்வட்டவணைகளைப் படித்து, அவற்றிலுள்ள பெயர்களையெல்லாம் ஒரே தொகுப்பாக அமைத்துக்கொள்கிறது. கருவிகளை இயக்கும் டிரைவர்கள் பின்னர் அப்பெயர்களைப் பற்றியே வேலை செய்கின்றன.

யந்திரம் ஓடும்போதே புதிய அட்டவணையைச் சேர்க்க 'லோட்' என்ற கட்டளையும், நீக்க 'அன்லோட்' என்ற கட்டளையும் வகுக்கப்பட்டன. சேர்ப்பதில் இடர் குறைவு. நீக்கும்போதோ, ஒரு டிரைவர் பற்றியிருக்கும் பெயரே மறைந்துபோகக்கூடும். இல்லாத இடத்தை அது நாடினால் யந்திரம் முழுவதும் நின்றுவிடலாம்.

ஆகவே, லினக்ஸ் உள்ளிட்ட இயக்க முறைகள் பயன்படுத்தும் ஏ.சி.பி.ஐ.சி.ஏ. என்னும் பொது நிரல் தொகுதி, 2018-இல் அன்லோட் கட்டளைக்கு அளித்த ஆதரவைக் கைவிட்டது. அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள் நான்கு: சில இயக்க முறைகளில் அதனைச் சரிவரச் செய்தல் இயலாமற் போகலாம், பிற நிரல் தொகுதிகளும் அதனை முழுமையாக ஏற்கவில்லை, அதற்கு வேண்டிய டிரைவர் வசதி இல்லை, நடைமுறையில் அக்கட்டளை எங்கும் காணப்படவுமில்லை. இப்போது அக்கட்டளை வந்தால் 'ஆதரவு இல்லை' என்ற செய்தியே பதிவாகும். அட்டவணை இருந்த இடத்தில் இருக்கும்.

தீவுகளில் பணிபுரிவோருக்கு இது வெறும் ஏட்டறிவு அன்று. சென்னையிலிருந்து வரும் கடலடிக் கம்பி 2020-இல் கேம்பல் விரிகுடா வரை எட்டியதால், புதிய ஃபர்ம்வேர் அங்கு விரைவில் வந்து சேரும். யந்திரம் நின்றுபோனாலோ, பழுதுபார்ப்பவர் தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வரவேண்டியிருக்கும். எனவே அலுவல் முடிந்த நேரத்தில், பதிவுகளைப் படியெடுத்து வைத்து, மின்சாரம் இடையறாது கிடைப்பதை உறுதி செய்துகொண்டு, ஃபர்ம்வேரை மாற்றி, கணிப்பொறியை மீண்டும் தொடங்குவதே முறையாகும். அப்போது கெர்னல் புதிய அட்டவணைகளை முதலிலிருந்து படித்துக்கொள்ளும்.

ஒன்றைச் சேர்க்க அதனை அறிந்தாற் போதும். நீக்குவதற்கோ, அதனைச் சார்ந்து நிற்பவை அனைத்தையும் அறிதல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனை எடுத்துரைக்க ஏற்றவற்ற அட்டவணையே தக்க உதாரணமாகும்.