சும்மா இருக்கும் நேரம்

"நீ எப்பப்பா சும்மா இருப்பே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. லஃபார்க் எழுதிய 'சோம்பேறியாயிருக்கும் உரிமை' (1880) பற்றி ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உழைப்பின் மீதான மோகம் தொழிலாளி வர்க்கத்தைப் பீடித்த நோய் என்றும், நாளைக்கு மூன்று மணி நேர வேலை போதும் என்றும் வாதிட்டவர் அவர், மார்க்ஸின் மருமகன். அவரைப் படிக்கிற அவசரத்தில் எனக்குச் சும்மா இருக்க நேரமில்லை. உள்ளே, வேலைக்குப் போய்த் திரும்பி வாரம் முழுக்கச் சேர்ந்துபோன துணிகளை மனைவி அலசிக்கொண்டிருந்தார். அவரிடம் மகள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

1

குடும்பத்தோடு நேரம் செலவிடுங்கள், அவசரத்தைக் குறையுங்கள் என்று மத்தியதர வர்க்கத்துக்கு எல்லாப் பக்கமிருந்தும் அறிவுரை வருகிறது. மனசு வைத்தால் முடியும் என்பது இதன் உட்கிடை. 'செலவிடு' என்கிற வினை காசுக்குரியது. நேரம் எப்போது காசாயிற்று?

இ.பி. தாம்ஸன் 1967இல் எழுதிய கட்டுரையொன்று இதைத்தான் ஆராய்கிறது. ஆலைக்கு முந்திய சமூகங்கள் நேரத்தை வேலையால் அளந்தன. மடகாஸ்கரில் 'சோறு வேகும் நேரம்' என்றால் ஏறக்குறைய அரைமணி. நம் பாட்டிகளும் 'வெத்தல போடுற நேரத்துல வந்துடுறேன்' என்றவர்கள்தான். ஆலை வந்தபின் வேலையை நேரம் அளக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் சில முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் இரவில் பின்னே இழுத்தும் வைத்தார்கள்; தொழிலாளி சொந்தமாகக் கடிகாரம் வைத்துக்கொள்ளவே பயந்தான். ஆக, அவசரம் என்பது நம் சுபாவத்தில் ஊறிய கோளாறு அல்ல, வரலாற்றில் உருவாக்கப்பட்ட ஓர் உறவு.

2

'அப்படியானால் பழைய காலம் நிதானமாக இருந்தது' என்று இங்கே தாவிவிடக் கூடாது. திண்ணைப் பேச்சு, வெற்றிலைப் பெட்டி, ஊஞ்சல் என்று நம் நினைவேக்கங்களில் வரும் நிதானம் யாருடையது? திண்ணையில் நேரம் தேங்கி நின்றதென்றால் வயலில் இன்னொருவர் அதற்காகக் குனிந்திருந்தார் என்று பொருள். தஞ்சைப் பண்ணையாளுக்குக் கடிகாரம் கிடையாது. அதனாலேயே அவனது வேலைக்கு முடிவும் கிடையாது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். கடிகாரம் தொழிலாளியைக் கட்டிப்போட்டது உண்மை. 'இத்தனை மணிக்குமேல் என் நேரம்' என்று சொல்வதற்கான ஆயுதத்தையும் அதுவே கொடுத்தது. 1886இல் சிகாகோவிலும், 1923 மே நாளில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றிய சென்னைக் கடற்கரையிலும் பேசப்பட்டது இந்த நேரம்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுமா என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

3

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு. நல்ல கணக்கு. ஆனால் இதில் சோறு எந்த எட்டில் பொங்கியது? முழக்கம் மௌனமாகக் கடந்துபோகிற இடம் இது. ஆலைவாசலில் போராடி வாங்கிய நேரம் வீட்டுவாசலில் ஆணுடைய நேரமாகிவிடுகிறது.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் தருகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதிலும் பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபட, ஆண்களில் 26.1 சதவீதம் பேரே அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள்.

கருவிகள் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட அமெரிக்க இல்ல வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது: இயந்திரம் வீட்டுவேலையின் பாரத்தைக் குறைத்தது, நேரத்தை அவ்வளவாகக் குறைக்கவில்லை. பிறர் கைகளில் இருந்த வேலைகளும் அவள் ஒருத்தியின் மேல் வந்து சேர்ந்தன. நம்மூர் ஆட்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஆட்ட ஒருத்தி தள்ளிவிட, ஊர்க்கதை முழுக்க அங்கே ஓடும். கிரைண்டர் வந்து தோள்வலி போயிற்று; அது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் மிச்சமான நேரம் அவள் கைக்கு வரவில்லை, இன்னொரு வேலைக்குப் போயிற்று.

'சும்மா' என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். நம் ஞான மரபில் சும்மா இருத்தல் உச்சநிலை. அதே சொல் வீட்டிலிருக்கும் பெண்ணைப் பார்த்து 'வீட்ல சும்மாதானே இருக்கே' என்று வசையாகிறது. அடைந்தவன் ஞானி, ஒருநாளும் வாய்க்காதவளுக்கு அது பட்டப்பெயர்.

4

கூட்டம், சிறுபத்திரிகை, அச்சகம் என்று அலையும் நம்மைப் போன்றவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. இயக்கத்துக்கு நாம் கொடுத்ததாகச் சொல்லும் நேரத்தில் பாதி இன்னொருவருடையது, கேட்காமல் எடுத்தது.

வீட்டில் பேசினோம். முதலில் சண்டைதான் வந்தது. "உக்காந்து பேசலாம்னு கூப்பிடுறீங்க, எந்திரிச்சா அடுப்புல யார் நிக்கிறது?" என்றார் மனைவி. ஒன்றாக உட்காருவதற்கு முன்னால் வேலையைப் பிரித்தாக வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. துணியும் இரவுச் சமையலும் என்னுடையவை ஆயின. மாதம் இரண்டு கூட்டங்களை விட்டேன். தோழர்கள் சிலருக்கு வருத்தம்.

இப்போது ஞாயிறு மாலை மூவரும் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறோம், மொச்சை உரிக்கிறோம். கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வில்லை. சில நாள் பேச்சே இருக்காது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இதைப் புரட்சி என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்களிடம் இதை உபதேசமாகச் சொன்னால் அயோக்கியத்தனம். அவர்களுக்கு முதலில் வேலைநேரம் குறைய வேண்டும். ஆனால் அந்தப் போராட்டத்தில் கிடைக்கிற நேரத்தை வீட்டில் எப்படிப் பங்கிடுவது என்பதையும் இப்போதே பேசியாக வேண்டியிருக்கிறது.

போன வாரம் மனைவி வாசற்படியில் ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா பண்றே?" என்றாள் மகள்.

"சும்மா இருக்கேன்" என்றார்.