மோடத்தில் ஒளிந்திருக்கும் 35

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடத்தில் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்று ஏன் போடச் சொல்கிறார்கள் என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பணம் எடுக்கும் இயந்திரத்தோடு தொடர்பில்லாத இன்னொரு ஏ.டி.எம். இருக்கிறது. தொலைபேசிக்காரர்கள் உருவாக்கிய அந்த வலையமைப்பின் முகவரி எண்கள்தான் இவை. முதல் 32 வி.சி.ஐ. எண்கள் வலையமைப்பின் சொந்த வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் நமக்கு வருவது 35 போல அவற்றுக்கு மேற்பட்ட எண்.

ஏ.டி.எம். எந்தத் தகவலையும் 53 பைட் துண்டுகளாகவே அனுப்பும். தலைப்புக்கு 5, சரக்குக்கு 48. எங்கள் ஊர் ஒற்றைப் பாலத்தில் கரும்பு டிராக்டர் ஏறிவிட்டால் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டியதுதான். எல்லாமே சிறு வண்டிகளானால் பேச்சொலி காத்துக் கிடக்காது.

ஆனால் ஏன் 48? எனக்கு மிகவும் பிடித்த கதை இது. தொலைபேசிப் பேச்சு நொடிக்கு 8,000 பைட். 32 பைட் நிரம்ப 4 மில்லிநொடி, 64 நிரம்ப 8 மில்லிநொடி ஆகும். தாமதம் கூடினால் எதிரொலி கேட்கும். அதை அடக்கத் தனிக் கருவி வேண்டும். அந்தச் செலவை விரும்பாத ஐரோப்பியர்கள் 32 கேட்டார்கள். நெடுந்தூர இணைப்புகளில் அக்கருவியை ஏற்கெனவே வைத்திருந்த அமெரிக்கர்கள், தலைப்புக்கு வீணாகும் இடம் குறையட்டும் என்று 64 கேட்டார்கள். 1989இல் இரண்டுக்கும் நடுவே 48 என்று முடிவானது. பொறியியல் கணக்கில் பிறந்த எண் அல்ல, பேரத்தில் பிறந்த எண்.

இந்த வலையமைப்பை நடத்துவதுதான் கடினம். ஒவ்வொரு ஸ்விட்சும் துண்டின் எண்ணைத் தன் அட்டவணையில் பார்த்து, புதிய எண் எழுதி அடுத்த கம்பிக்குத் தள்ளுகிறது. உங்கள் 35, எக்ஸ்சேஞ்ச் வரைதான் 35. இணைப்பு தொடங்கும்போதே வேகம் பற்றி ஓர் ஒப்பந்தம் உண்டு. மீறி வரும் துண்டுகளை வாசலிலேயே குறியிட்டு, நெரிசல் வந்தால் அவற்றை முதலில் கைவிடுவார்கள். 1,500 பைட் இணையப் பொட்டலம் 32 துண்டுகளாகப் போகும். ஒன்று தொலைந்தாலும் மற்ற 31 பயனற்றவை. ஆகவே நெரிசலில் பொட்டலம் முழுவதையும் தொடக்கத்திலேயே கைவிடுவதே நல்ல ஸ்விட்சுக்கு அழகு.

விலை உயர்ந்த ஸ்விட்சுகளை வாங்கிவிட்டு, எல்லா இணைப்பையும் எந்த உத்தரவாதமும் இல்லாத வகையில் ஓட்டிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த எண் எந்தக் கம்பிக்கு என்று எழுதிவைக்கக்கூட ஆளில்லை. ஸ்விட்ச் பழுதானபோது கட்டடமே ஊமையானது. ஏ.டி.எம். தோற்றதற்கு ஈதர்நெட்டின் மலிவு முக்கியக் காரணம் என்றாலும் இந்த அலட்சியத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

எந்த வலையமைப்பானாலும் சரி, உங்கள் பொறுப்பில் ஒன்று இருந்தால் அதன் இணைப்பு அட்டவணையை இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி, இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.