டிக்லிபூர் வரை காரில் போவதென்றால்...

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஹேடோ, டெலானிப்பூர், ஜங்லிகாட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்தத் தடவை டிக்லிபூர் வரை காரிலேயே போய் வந்தால் என்ன?" என்பார் வீட்டுக்காரர். ஊரிலிருந்து கப்பலேறி வந்த மைத்துனர் குடும்பம் ஆமாம் போடும். வாடகை வண்டிக்குச் சொல்லி அனுப்புவார்கள். புளிச்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் தயாராகும்.

ஆனால், இந்தச் சாலையில் நினைத்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. நடுவில் ஒரு கதவு உண்டு. அது திறக்கும் நேரம் அறிந்துதான் மற்ற எல்லாத் திட்டமும்.

அந்தமான் டிரங்க் ரோடு என்று நாம் சொல்லும் இந்தப் பெருஞ்சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை எண் 4. முன்பு இதன் எண் 223. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரையும் வட அந்தமானின் டிக்லிபூரையும் இது இணைக்கிறது. தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம்தான். அங்கே ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம். இங்கே அரசு பஸ்ஸுக்கே ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். தென் அந்தமான், பாராடாங், மத்திய அந்தமான், வட அந்தமான் என்று தீவு விட்டுத் தீவு தாவிப் போகிற சாலை இது.

ரயில் இல்லாத தீவுகள் இவை. போர்ட் பிளேர் - டிக்லிபூர் இடையே 240 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் யோசனை 2010-களில் பேசப்பட்டது. தண்டவாளம் வரவில்லை. ஆகவே வடக்கே போக வேண்டுமானால் இந்தச் சாலை, இல்லாவிட்டால் கப்பல்.

ஜிர்காடாங் கதவு

ஹேடோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கராச்சரமா, சிப்பிகாட் வழியாகச் சாலையிலேயே போவது. மற்றொன்று, பக்கத்திலிருக்கும் சாத்தம் ஜெட்டியில் வண்டியைப் படகில் ஏற்றி பம்பூஃபிளாட்டில் இறங்கி, ஃபெரார்கஞ்ச் போவது. படகு வழி தூரத்தைக் குறைக்கும். ஆனால் அதிகாலை முதல் அணியைப் பிடிக்க நினைப்பவர்கள் படகை நம்பாமல் சாலையில் போவதே நல்லது.

சிப்பிகாட்டைக் கடக்கையில் சாலையோரத்து நீர்ப்பரப்பைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தது. இங்கே நெல் விளைந்த வயல்களில் கடல் நீர் புகுந்து நின்றுவிட்டது. அதே பூகம்பத்தில் வட அந்தமான் கரை மேலெழுந்து, பவளப் பாறைகள் நீருக்கு வெளியே தெரிந்தன. ஒரே பயணத்தில் தாழ்ந்த கரையையும் உயர்ந்த கரையையும் பார்த்துவிடலாம்.

சுமார் 50 கிலோமீட்டரில் ஜிர்காடாங் செக்போஸ்ட். இங்கேதான் அந்தக் கதவு. இதற்கு அப்பால் மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டி வரை ஏறக்குறைய இன்னொரு 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்பு வனம். தனி வண்டி போக முடியாது. பயணிகளின் பெயர், அடையாள அட்டை, வண்டி எண் எல்லாம் படிவத்தில் எழுதிக் கொடுத்து, போலீஸ் காவலோடு அணியாகச் செல்ல வேண்டும். இதைத்தான் கான்வாய் என்கிறோம். ஒரு நாளைக்குச் சில அணிகள் மட்டுமே. முதல் அணி காலை 6 மணிக்கு என்பது வழக்கம். நேரம் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி அணிக்குப் போகிறவர்கள் பின்னிரவு மூன்று மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

விதிகள் எளியவை. வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முந்தக் கூடாது. நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. எதையும் கொடுக்கவோ எறியவோ கூடாது. பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1956-லேயே வந்தது. 2012-ல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இன்று பிடிபட்டால் சிறைத் தண்டனை வரை உண்டு.

சாலை வந்த கதை

இந்தக் கட்டுப்பாடுகளைச் சிலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். சாலை வந்த கதை தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

1970-களில் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே போனார்கள். ஜாரவாக்களுக்கு அது தங்கள் வேட்டைக் காட்டைப் பிளக்கும் வேலை. அவர்கள் வில்லெடுத்தார்கள். தொழிலாளர்கள் அம்பு பட்டு இறந்தார்கள். போலீஸ் காவலோடு வேலை தொடர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் சாலை முழுமை பெற்றது.

1996-ல் கடம்தலா பக்கம் கால் ஒடிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனைக் குடியேறிகள் கண்டெடுத்தார்கள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து, குணமான பின் காட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். அடுத்த ஆண்டு 1997 அக்டோபர் முதல் ஜாரவாக்கள் வில் அம்பு இல்லாமல் தாங்களாகவே வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாரக் காய்ச்சல் என்பது, அதை முன்பின் கண்டறியாத ஒரு கூட்டத்துக்குப் பெரிய ஆபத்து.

அச்சத்துக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. பேரந்தமானியர் என்ற பழங்குடியினர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். 1961 ஜனத்தொகைக் கணக்கில் 19 பேர்தான் எஞ்சினார்கள். ஜாரவாக்களின் தொகை 2011 கணக்குப்படி 380. நம் ஹேடோவில் ஒரு கல்யாணப் பந்திக்கு உட்காருகிறவர்கள் இதைவிட அதிகம்.

2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட், காப்பு வனத்தின் வழியாகச் செல்லும் பகுதியில் சாலையை மூட உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012-ல் ஜாரவாப் பெண்களை ஆட வைத்துப் படமெடுத்த காட்சி வெளியாகி உலகமே முகம் சுளித்தது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இந்தப் பாதையில் போக சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. மார்ச்சில் தடை நீங்கியது. 2017-ல், சுற்றுலாப் பயணிகள் காட்டைத் தொடாமல் பாராடாங் போக ஒரு கடல் வழி ஏற்பாடாயிற்று.

இரு பக்க நியாயம்

மூடிவிட்டால் என்ன என்று கேட்பது சுலபம். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் டிக்லிபூரிலும் வாழ்கிறவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரிதான். காய்கறி, சிமெண்ட், தபால், பரீட்சைக்குப் போகும் மாணவன் எல்லாம் இந்த வழிதான். கப்பல் உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் அது கிளம்பாது. இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். நம்மவர்களில் கூலிக்கு வந்து இந்த வடக்கு ஊர்களில் நிலைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இது உல்லாசச் சாலை அல்ல.

ஆனால் அந்தத் தேவையைச் சொல்லி, வேடிக்கை பார்க்கப் போவதை நியாயப்படுத்த முடியாது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் கேட்கும் முதல் கேள்வியே "ஜாரவாவைக் காட்டுவீர்களா?" என்பதுதான். காட்ட மாட்டோம் என்று வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தைக் கைப்பையில் தயாராக வைத்திருக்கும் அத்தையிடமும் சொல்ல வேண்டும். வெறும் சுற்றிப் பார்க்கவே போகிறவர்கள், கடல் வழியாகப் பாராடாங் போகலாம். அல்லது ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து ரங்கத், டிக்லிபூர் கப்பலில் போய், அங்கே உள்ளூர் வண்டி பிடித்துச் சாலையின் வடபாதியை மட்டும் பார்க்கலாம். கடற்கரை அழகெல்லாம் அந்த வடபாதியில்தான் இருக்கிறது.

மூன்று நாள் கணக்கு

சாலையிலேயே போவோருக்கு மூன்று இரவுத் தங்கல் வைப்பது நிதானம்.

முதல் நாள்: மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியைப் படகில் ஏற்றி நீலாம்பூர் ஜெட்டியில் இறங்கினால் பாராடாங். இங்கிருந்து சிறு படகில் அலையாத்திக் காட்டு ஓடைக்குள் புகுந்து, பிறகு நடந்து சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கலாம். குளிர்ந்த சேற்றைக் கக்கும் சேற்று எரிமலையும் இத்தீவில்தான். பாராடாங்கின் மறு கரையில் ஹம்ஃப்ரீ நீரிணை. முன்பு இங்கேயும் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது சுமார் 1.45 கிலோமீட்டர் நீளத்தில் ஆசாத் ஹிந்த் ஃபவுஜ் சேது என்ற பாலம் உண்டு. கடம்தலா தாண்டி இருட்டுமுன் ரங்கத் சேர்ந்துவிட வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் சுமார் 170 கிலோமீட்டர்.

இரண்டாம் நாள்: ரங்கத்தைத் தாண்டினால் சாலை கடலோடு ஒட்டிப் போகும். ஆம்குஞ்ச் கடற்கரையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். தனிநல்லாவில் அலையாத்திக் காட்டுக்குள் 700 மீட்டருக்கு மேல் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். அதன் முடிவில் ஆமைகள் முட்டையிட வரும் மணற்கரை. அங்கிருந்து மாயாபந்தர். பக்கத்து வேபி கிராமத்தில் 1925-ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். இரவு மாயாபந்தரில் தங்கல்.

மூன்றாம் நாள்: ஆஸ்டின் நீரிணையின் மேல் செங்கப்பா பாலத்தைத் தாண்டினால் வட அந்தமான். பாக்குத் தோப்பும் நெல் வயலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. டிக்லிபூரில் 732 மீட்டர் உயர சாடில் பீக் தீவுக்கூட்டத்திலேயே உயர்ந்த சிகரம். ஏரியல் பே ஜெட்டியிலிருந்து படகில் போனால் ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகள். கடல் வற்றிய வேளையில் இரண்டுக்கும் நடுவே மணல் வரப்பில் நடக்கலாம். மூன்றாம் இரவு இங்கேயே. திரும்புகையில் கப்பலில் இடம் கிடைத்தால் உடம்பு அலுக்காது. சாலை வழி திரும்புவோர் மிடில் ஸ்ட்ரெயிட்டிலிருந்து கிளம்பும் அணியைக் கணக்கிட வேண்டும். அது பிற்பகலோடு முடிந்துவிடும். தவறினால் பாராடாங்கில்தான் இரவு.

புறப்படுமுன்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதம் மழை பிடித்தால் ஆண்டு முடிய ஓயாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் சகஜம்.

கடிகாரத்தை நம்ப வேண்டாம். தீவுகள் கிழக்கே வெகு தூரத்தில் இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரம்தான் காட்டுகிறது. டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் மறைந்துவிடும். ஆகவே நான்கு மணிக்கு மேல் புது ஊரைத் தேடிப் போகிற திட்டம் கூடாது.

பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். உபரி டயர், ஜாக்கி, ஒரு குடம் தண்ணீர், மாத்திரைகள் அவசியம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு போர்ட் பிளேரிலும் ரங்கத்திலும் டெலிபோன், இண்டர்நெட் வசதி பெருகியது. காட்டுக்குள் அந்த வசதி இல்லை. ரொக்கம் கையில் இருக்கட்டும். அடையாள அட்டைகளின் நகல் ஆளுக்கு இரண்டு எடுத்துவையுங்கள். ஓய்வு விடுதி அறைகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ஜிர்காடாங்கில் அணி கிளம்புமுன் செல்போன்களையும் தின்பண்டங்களையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லுங்கள்: அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் நாம் போவது பிறர் வீட்டு முற்றத்தின் வழியாக. அங்கே எட்டிப் பார்ப்பது மரியாதை அல்ல.